சத்தம் போடாத ஷூ

டொக்கென்று ஒரு சத்தம். மரப்பலகை மேல் மரக் குதிங்கால் படுகிற சத்தம். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். கதவைத் தட்டுகிறவர் பதிலுக்குக் கொஞ்சம் நிற்பார், இது நிற்காது. ஒரே ஒரு தடவை விழும், அவ்வளவுதான். அதை நான் கேட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது உங்கள் பெண் தூக்கக் கலக்கத்தில் அந்தப் பெட்டியைச் சன்னல் பக்கம் நகர்த்தினாள் பாருங்கள், உள்ளே ஏதோ இடித்தது. அதே சத்தம். கண் அசந்திருந்தவள் விழித்துக்கொண்டேன்.

பெரியமேட்டில் வாங்கினீர்களா? பையைப் பார்த்ததுமே நினைத்தேன். பளு தூக்குகிறவர்கள் போடுகிற ஷூதானே? முதல் ஜோடியா? பாப்பா தூங்கட்டும், எழுப்பாதீர்கள். நான் ஆம்பூரில் இறங்கவேண்டும். அதற்குள் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களைப் பார்த்தால் என் தங்கை வயதுதான் இருக்கும், தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

ஷூவைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. நான் பி.ஏ. தமிழ் படித்தவள். வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த நாளில், சும்மா இருப்பானேன் என்று ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போனேன். அங்கேயே தலை நரைத்துவிட்டது. செக்கிங் மேஜை. தைத்து, ஒட்டி, பாலீஷ் போட்டு எல்லாம் முடிந்து வரும் ஷூ கடைசியாக என் கைக்கு வரும். என் கையைத் தாண்டினால்தான் பெட்டிக்குப் போகும், கப்பல் ஏறும். ஒரு உள்ளங்கையை நுனியில் வைத்து, இன்னொன்றைக் குதிங்காலில் வைத்து, இப்படி, ஒரு வளை. விரல்கள் மடங்குகிற இடத்தில் ஷூவும் மடங்கவேண்டும். அடம்பிடித்தால் ரிஜெக்ட். அப்புறம் குதிங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். உள்ளே இறங்கித் திரும்ப எழும்பவேண்டும். புதிதாகச் சேரும் பெண்களுக்கெல்லாம் நான்தான் காட்டிக்கொடுப்பேன். கண் ஏமாறும், கை ஏமாறாது என்று சொல்லுவேன். என் மேஜையைத் தாண்டிப் போன சரக்கு ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மகளுக்கு ஷூ வாங்கியது நான். தெரியாத்தனமாக வாங்கவில்லை. அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

மகள் பேர் எழிலரசி. ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் ஓடப் போனவளை எல்லப்பன் மாஸ்டர் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு ஓட்டம் வராது, தொடை பலம் இருக்கிறது, என்னிடம் அனுப்புங்கள் என்று வந்து கேட்டார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. நடுவில் ஒரு மரமேடை, சுவர் ஓரம் இரும்புத் தட்டுகள். அதுதான் அவருடைய பயிற்சிக்கூடம். காசு வாங்க மாட்டார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒன்றில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் கொட்டகைக்கே ஒரு ஜோடி ஷூதான். அவர் பட்டாளத்தில் போட்டது. கறுப்புத் தோல், மேலே ஒரு வார், குதிங்கால் முழுக்க மரம். யார் தூக்கப் போகிறார்களோ அவர்கள் போட்டுக்கொள்வார்கள். கால் சின்னதாக இருந்தால் நுனியில் துணியை அடைத்துக்கொள்வார்கள். தூக்கிவிட்டு இறங்கி, அடுத்த பிள்ளைக்குக் கழற்றிக் கொடுப்பார்கள். நான் முதல் நாள் போய்ப் பார்த்தபோது எழில் அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினாள். கம்பியைப் பிடித்தாள். தூக்கி, அடியில் புகுந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த டொக். உட்கார்ந்தவள் கம்பியைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அசையவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தச் சத்தம்தான் நெஞ்சில் இடித்தது. எத்தனை பிள்ளைகளின் வியர்வை அந்த ஷூவுக்குள். அதில் என் மகள் கால் விடுவதா. ஊருக்கெல்லாம், சீமைக்கெல்லாம் ஷூ பார்த்து அனுப்புகிறவள் நான்.

பதினோராம் வகுப்பு முடிந்த சமயம் மாநிலப் போட்டி வந்தது. அதில் முதலில் வரும் பெண்ணுக்கு விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அங்கிருந்து ரயில்வேக்கோ போலீஸுக்கோ எடுத்துக்கொள்வார்கள். எழில் இரண்டு வருஷமாக அதை மட்டும்தான் பேசினாள். எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தால் காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை. ஒருநாள் நான் வேலை விட்டு வந்து அவள் தலையைத் தடவினேன். என் கையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு இந்தப் பசை வாசன வேணாம்மா" என்றாள். நான் கோபப்படவில்லை. எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. அவளை அந்த பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்பதில் அவளைவிட நான் பிடிவாதமாக இருந்தேன்.

அதனால்தான் ஷூ. போட்டிக்குச் சொந்த ஷூவோடு போகட்டும் என்று நானாகவே சொன்னேன். மாஸ்டர், மரமோ கெட்டி ரப்பரோ, குதிங்கால் உயரமாகக் கல் மாதிரி இருக்கிறதைப் பார்த்து வாங்கச் சொல்லி அனுப்பினார். அவள் அப்பா மின்சார வாரியத்தில் லைன்மேன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்றைக்கு மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, "வாத்தியார் சொன்னத வாங்கிக் குடு. நான் இன்னா, ஒன்னக் கேட்டுக்கினா கம்பத்துல ஏறுறதுக்குச் செருப்புப் போடுறேன்?" என்றார். அவருக்கு ஷூவைப் பற்றி என்ன தெரியும்? ஒரே செருப்பை வார் அறுகிறவரை போடுகிற மனிதர்.

எழிலைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினேன். பெரியமேட்டில் இத்ரீஸ் பாய் என்று ஒருவர் கடை. இப்போது அந்தக் கடை இருக்கிறதோ என்னவோ. நல்ல மனிதர். போனதும் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். எழில் என்ன வேண்டுமென்று சொன்னதும் மேல் அலமாரியில் தேடி ஒரு பெட்டியை இறக்கினார். அவள் அளவில் அது ஒன்றுதான் இருந்தது. சிவப்பு நிறம், வெள்ளை வார். அவள் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். ஒரு காலைத் தூக்கித் தரையில் வைத்தாள். டொக்.

அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். தீபாவளிக்கு உடுப்பு எடுக்கும்போதுகூட அந்த முகம் நான் கண்டதில்லை. ஆனால் பிள்ளைகள் அப்படித்தான் இல்லையா? சத்தம் கேட்டால் சந்தோஷம். கிலுகிலுப்பைக்குச் சிரிக்கிற குழந்தைகள்தானே.

கழற்றச் சொல்லி வாங்கி வளைத்தேன். வளையவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினேன். ஊஹூம். குதிங்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன், என் நகம்தான் வலித்தது. என் மேஜைக்கு அது வந்திருந்தால் தூக்கித் தொட்டியில் போட்டிருப்பேன். பாயிடம் சொன்னேன், இது செத்த மீன் மாதிரி விறைத்துக் கிடக்கிறதே என்று. அவர் சிரித்துவிட்டு, "அது வளையக் கூடாதும்மா. வளையாம இருக்கறதுக்குத்தான் அதச் செஞ்சிருக்கான்" என்றார். கடைக்காரர்கள் தேங்கிப்போன சரக்கைத் தள்ள என்னவெல்லாம் சொல்வார்கள். நான் கேட்காததா.

கீழ்த்தட்டில் ஒன்று இருந்தது. வெள்ளையும் நீலமும். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. மேல்தோல் தையல் ஒரே சீர். பசை ஒரு சொட்டு வெளியே இல்லை. வளைத்தேன், எங்கே மடங்கவேண்டுமோ அங்கே மடங்கியது. குதிங்காலை அழுத்தினேன், இடியாப்ப மாவு மாதிரி உள்ளே போய் விரலை எடுத்ததும் பழையபடி எழுந்தது. என் சர்வீஸில் அப்படி ஒரு ஜோடியை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். விலையும் சிவப்பைவிடக் கூடுதல். என் மகளுக்குக் குறைந்ததை வாங்க வந்திருக்கிறேனா நான்? பாய், அது ஓடுகிறவர்கள் போடுவது என்றார். இரண்டு தடவை சொன்னார். ஓடுகிற காலுக்கு நல்லது நிற்கிற காலுக்குக் கெடுதலா என்று கேட்டேன். அவர் எழிலைப் பார்த்தார்.

எழில், "மாஸ்டர் மரம்னு சொன்னாரும்மா" என்றாள்.

"ஒங்க மாஸ்டர் வாழ்க்கையில எத்தன ஷூ பாத்திருப்பாரு? ஒண்ணு. அதத்தான் இன்னும் எல்லாரும் போட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றேன். பாய்கூடச் சிரித்துவிட்டார்.

நான் அவளைக் கேட்டேன். இதைக் கவனியுங்கள், கேட்காமல் வாங்கவில்லை. போட்டுப் பார், கடிக்கிறதா, நடந்து பார் என்றேன். நடந்தாள். சத்தமே வரவில்லை. பூனை நடந்த மாதிரி இருந்தது. நல்லாயிருக்கா என்று கேட்டேன். "நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று எந்தத் தாய் அதற்கு மேல் கேட்பாள்? அவள் வாயால் சொன்னது அது. ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், உங்கள் பெண் மாதிரி. திறந்து பார்க்கவில்லை. களைப்பு. வெயில் காலம்.

அரக்கோணம் தாண்டும்போதோ என்னவோ, "சிவப்பு நல்லாருந்துச்சு" என்றாள். நிறத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சிவப்பு சீக்கிரம் அழுக்காகும், வெள்ளையும் நீலமும்தான் உன் காலுக்கு எடுப்பு என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

காட்பாடி போய்விட்டதா? சரி, நேரம் இருக்கிறது.

ஊருக்கு வந்து பார்த்தால், அவள் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போகிறாள், அங்கே கழற்றி வைத்துவிட்டுப் பழைய ஷூவில் தூக்குகிறாள். பக்கத்து வீட்டு ரெஜினாவும் அங்கே போகிற பெண், அவள் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எப்படி இருந்திருக்கும் எனக்கு? ஷிப்ட் முடிந்ததும் நேரே போனேன். பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். இருக்கட்டுமே. நான் வாங்கிக் கொடுத்ததை வாசலில் விடச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்டேன். உங்கள் ஷூவின் வயது என் மகள் வயதைவிட அதிகம் என்றேன். இன்னும் என்னவோ சொன்னேன், நினைவில்லை. அவர் எழுந்து நின்று, கையில் இருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகு, "அம்மா, மெத்த மேல நின்னுக்கிட்டு என்னிக்காவது நெறகொடத்தத் தலைக்குத் தூக்கிப் பாத்திருக்கீங்களா?" என்றார்.

பட்டம் வாங்கினவளைப் பார்த்துக் குடம் தூக்கிப் பார்த்தாயா என்று கேட்கிறார். அத்தனை பிள்ளைகள் முன்னால். எழில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று ஒன்று சொல்லிவிட்டு வந்தேன், நான் வாங்கிய ஷூவில் என் மகள் மேடை ஏறுவதானால் போட்டிக்குக் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் போடமாட்டேன். பதினெட்டு ஆகாத பெண், தாய் தகப்பன் கையெழுத்து வேண்டுமல்லவா. அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அப்புறம், பிள்ளை இடத்தை இழக்கக்கூடாது, போடுங்கள் என்றார்.

குடம் விஷயத்தை ஒருநாள் செய்தும் பார்த்தேன், சமீபத்தில்தான். வீட்டில் யாரும் இல்லாத நேரம். கொஞ்சம் தள்ளாடியது. இந்த வயதில் தரையில் நின்றாலும் தள்ளாடத்தான் செய்யும். அதில் என்ன தெரிகிறது?

போட்டி நாமக்கல்லில். நானும் போனேன். லீவு கேட்டால் முகம் சுளிக்கிற மேனேஜர்கூட, பெண்ணுக்குப் போட்டியா, போய் வாருங்கள் என்றார். மேடைக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போனேன். எழில் பெஞ்சில் உட்கார்ந்து பழைய ஷூவின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தம் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார். வாக்குக் கொடுத்துவிட்டு. பட்டாளத்துக்காரர்.

நான் சத்தம் போடவில்லை. போடவே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னேன். "எல்லாரும் பாக்குற எடம்டா. ஒங்கம்மா ஷூ கம்பெனியில இருக்கா. நீ போயி ஊரான் போட்டுக் கழட்டுனதப் போட்டுக்கிட்டு நிக்கிறியா?" இதுதான் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் எங்கேயோ பார்த்தார். அவள் வாரை அவிழ்த்தாள். அவளாகத்தான் அவிழ்த்தாள். நான் கை வைக்கவில்லை.

முதல் தடவை தூக்கினாள். தூக்கிவிட்டாள்! லேசாக ஆடியது, ஆனால் நின்றாள். நான் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தீர்களா என்கிற மாதிரி. இரண்டாம் தடவை எடையைக் கூட்டினார்கள். அதைத் தூக்கிவிட்டால் முதல் இடம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கம்பியைத் தூக்கினாள், அடியில் புகுந்து உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. அத்தனை பெரிய கூடத்தில் அந்த ஷூ ஒரு சத்தம் போடவில்லை. நல்ல ஷூ சத்தம் போடாது. எழுந்திருக்கும்போது வலது குதிங்கால் ஒரு பக்கமாக அமுங்கியது. நான் பார்த்தேன். இறங்கித் திரும்ப எழும்பும் என்று எனக்குத் தெரியும். அது எழும்புகிற நேரத்துக்குள் கம்பி பின்னால் சாய்ந்துவிட்டது. கம்பியைக் கீழே போடவேண்டியதுதானே? விட்டுவிட்டுத் தள்ளி வரவேண்டும் என்றுதானே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அவள் விடவில்லை. அந்த எடையை விட்டால் அந்த பஸ் என்று நினைத்தாளோ என்னவோ, பிடித்துக்கொண்டே இருந்தாள். முழங்கை பின்பக்கம் போய்விட்டது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. அதை நான் சொல்லமாட்டேன்.

மாஸ்டர்தான் முதலில் ஓடினார். அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, தன் துண்டால் கையைக் கட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? மேடைப் பலகை சமமாக இல்லை என்று அங்கேயே ஒரு அம்மாள் சொன்னாள். எடையைக் கூட்டச் சொன்னது அவர்தானே? இரண்டு ஷூவை மாற்றி மாற்றிப் போடவைத்து அவளைக் குழப்பியது யார்? ஒரே ஷூவில் பழகியிருந்தால்? இதையெல்லாம் யார் கேட்பது. கேட்டால் என்ன ஆகும்.

ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர். கை பிழைத்தது, ஆனால் முழுக்க நீளாது என்று சொல்லிவிட்டார். மற்ற எந்த வேலைக்கும் தொந்தரவு இல்லை, எழுதலாம், சமைக்கலாம். பளு தூக்குகிறவர்களுக்கு மட்டும் கை கம்பு மாதிரி நீண்டு பூட்டிக்கொள்ளவேண்டுமாம். விடுதி இடம் வேறு ஊர்ப் பெண்ணுக்குப் போனது. கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாளெல்லாம் நான்தான் ஊட்டிவிட்டேன். அவள் என்னை ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. இன்னும் இருக்கிறது. தினமும் சரிபார்த்து வைத்திருக்கிறேன், அவள் கேட்கத்தான் இல்லை.

அவள் அப்பாவும் கேட்கவில்லை. அந்த ஷூவை எடுத்துத் துடைத்து, பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்தார். ஒரு கீறல்கூட இல்லை அதில். எப்போதாவது எடுத்து வளைத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் அந்த இடத்தில்தான் மடங்குகிறது. என் கை தப்பாகச் சொல்லவில்லை. சொல்லுங்கள், கையை நம்பாமல் நான் எதை நம்பியிருக்கவேண்டும்?

எங்கே, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கொடுங்கள். பாப்பா விழிக்க மாட்டாள், மெதுவாக எடுங்கள். பச்சையா, நல்ல நிறம். இப்படி ஒரு கை, இப்படி ஒரு கை.

வளையவில்லையே அம்மா. இதை யார் பார்த்து வாங்கினார்கள்? உங்கள் மாஸ்டரும் அதையேதான் சொன்னாரா? பில் வைத்திருக்கிறீர்களா, மாற்றிக்கொடுப்பார்கள், அடுத்த வாரம் நான் சென்னைக்கு வருகிறேன், வேண்டுமானால் கூடவே வந்து…

ஏன் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள்? பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். பிடுங்கிக்கொள்ளவா போகிறேன். சரி, மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெண், உங்கள் இஷ்டம்.

பச்சகுப்பம் தாண்டிவிட்டது. அடுத்து என் ஊர். பையை மட்டும் மேலிருந்து எடுத்துத் தருகிறீர்களா, எனக்கு எட்டாது.

எழிலரசியா? எங்கள் கம்பெனியில்தான் இருக்கிறாள். நான் ரிட்டையர் ஆனதும் என் மேஜையை அவளுக்குக் கொடுத்தார்கள். வலது கை முழுக்க நீளாது. ஷூவை வளைத்துப் பார்க்க அவ்வளவு நீளவேண்டியதில்லை.